வைகைக் கரையின் விலங்கெலும்புகள்

மதுரை மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மன்னரைப் பற்றி எழுதினர். புலவரைப் பற்றியும் வணிகரைப் பற்றியும் எழுதினர். அம்மன்னர் வேட்டையாடிய மானையும், அவ்வணிகரின் பொதி சுமந்த எருதையும், அப்புலவர் பாடிய காட்டுப் பசுவையும் தனித்த வரலாற்றுப் பொருளாகக் கொண்டவர் மிகச் சிலரே. மனிதன் குடியேறிய நிலத்திலெல்லாம் விலங்கும் வாழ்ந்தது. அவன் பெருகப் பெருக எவ்விலங்கு பெருகிற்று, எது குன்றிற்று, எது அடியோடு மறைந்தது என்னும் வினாவும் வரலாற்றின் வினாவே ஆகும்.

இவ்வினாவுக்கு விடை தேடும் புதிய கலையொன்று கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. மண்ணில் புதைந்த எலும்பிலும் பல்லிலும் எஞ்சி நிற்கும் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்துப் படிக்கும் அக்கலையைத் தொன்மரபணு ஆய்வு என்பர். அது நம் மதுரைச் சமவெளிக்கு எதைச் சொல்லக்கூடும், அதைச் சொல்வதற்கு நாம் செய்ய வேண்டுவது யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

கீழடி காட்டும் காட்சி

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனத்தை அடுத்துள்ளது கீழடி. 2013-14 ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு மருங்கையும் ஆய்ந்து 293 தொல்லிடங்களைக் குறித்தனர். அவற்றுள் கீழடியைத் தேர்ந்து அகழத் தொடங்கினர். 2018 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. 2019-இல் அத்துறை வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த பொருளொன்றின் காலம் கி.மு. 580 எனக் கரிமக் கணிப்பு காட்டியதை அறிவித்தது. 2023 மார்ச்சில் அவ்வூரில் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

செங்கற் கட்டுமானங்களையும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், பொன்னணிகளையும் பற்றி நாடெங்கும் பேசினர். அதே குழிகளில் கிடைத்த எலும்புத் துண்டுகளைப் பற்றிப் பேசியோர் குறைவு. அத்துண்டுகளுள் 70 மாதிரிகள் புனே நகரின் டெக்கான் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. அங்குள்ள அறிஞர் அவற்றை ஆராய்ந்து திமில் மாடு, எருமை, ஆடு, காட்டுப் பன்றி, வெளிமான், நீலகாய், மயில் ஆகியவற்றை இனங்கண்டனர். பாதிக்கு மேற்பட்டவை மாடு, எருமை, ஆடு எனும் வளர்ப்பு விலங்குகளுக்கு உரியவை. உழவும் மேய்ச்சலும் அம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாய் இருந்தமை இதனால் விளங்கும். வேறு சில எலும்புகளில் கத்தியின் தழும்பு காணப்பட்டது. அவை உணவாயின என்பதற்கு அதுவே சான்று.

இப்பட்டியலில் வெளிமான், நீலகாய் என்னும் இரு பெயர்களில் நம் பார்வை நிலைக்க வேண்டும். வெளிமான் திறந்த புல்வெளியில் மேயும் விலங்கு. ஆண்மானின் கொம்பு திருகித் திருகி மேலெழும். தமிழகத்தில் இன்று அது கோடியக்கரை, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு, சென்னைக் கிண்டி, சத்தியமங்கலத்தை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற ஒரு சில இடங்களில் ஒதுங்கி வாழ்கிறது. நீலகாயோ தமிழகக் காடுகளிலேயே இல்லை. குதிரையளவு உயர்ந்த அம்மானினத்தைக் காண விரும்புவோர் வட இந்தியச் சமவெளிக்கோ நடு இந்தியாவுக்கோ செல்ல வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரை வீட்டின் அடுப்பங்கரையை அடைந்த விலங்கு இன்று அம்மாநிலத்திலேயே இல்லை. எப்போது போயிற்று? ஏன் போயிற்று?

மயிலின் நிலை வேறு. அது மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்றும் தோட்டந்தோறும் திரிகிறது; தானியத்தைக் கொத்துவதாக உழவர் முறையிடும் அளவுக்கு அது பெருகியுள்ளது. காட்டுப் பன்றியும் அவ்வாறே. மனிதனின் அண்மை சில உயிர்களை விரட்டிற்று. சிலவற்றுக்கு அதுவே வாய்ப்பாயிற்று. ஆகவே மனிதன் பெருகினான், விலங்கு அழிந்தது என ஒரே வரியில் முடித்துவிட இயலாது.

பெயரும் பொருளும்

ஏடுகளைக் கேட்டால் விடை கிடைக்காதா என வாசகர் வினவலாம். ஏடுகள் பெயரைத் தருகின்றன. ஆனால் ஒரு பெயர் எந்த விலங்கைக் குறித்தது என்பது காலம் செல்லச் செல்ல மங்கிவிடுகிறது. சங்க நூல்களில் வரும் ஆமா என்னும் சொல்லுக்கு அகராதிகள் காட்டுப் பசு எனப் பொருள் தருகின்றன. அது காட்டெருதோ, பசுவையொத்த பிறிதொரு விலங்கோ என்பதைச் சொல் மட்டும் தீர்த்துவைக்காது. அரபு இலக்கியத்திலும் இவ்விடர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் ஜாஹிள் எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’, கி.பி. 1405-இல் மறைந்த எகிப்தியப் பேரறிஞர் தமீரி தொகுத்த ‘ஹயாத்துல் ஹயவான்’ ஆகியன விலங்குகளைப் பற்றிய பெருங்களஞ்சியங்கள். அவற்றில் வரும் சில பெயர்கள் எவ்வுயிரைச் சுட்டுகின்றன என்று பிற்காலத்தார் இன்றும் ஆய்கின்றனர்.

எலும்பு மங்கா என்றால், அதற்கும் எல்லை உண்டு. செம்மறியின் எலும்பும் வெள்ளாட்டின் எலும்பும் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கும். காட்டுப் பன்றியையும் வீட்டுப் பன்றியையும் ஒரு சிறு துண்டை வைத்துப் பிரித்தறிதல் அரிது. அடுப்பில் கரிந்து, நாய் கடித்து, மழையில் நைந்த துண்டுகள் எவ்விலங்குக்கு உரியவை என்று சொல்ல முடியாமலே ஒதுக்கப்படுகின்றன. இவ்விடத்தில்தான் தொன்மரபணு துணைக்கு வருகிறது.

எலும்பில் எழுதிய ஏடு

உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிய இழை உள்ளது. நான்கே எழுத்துகளால் எழுதிய நெடும் ஏடு என அதனைக் கருதலாம். உயிர் பிரிந்ததும் அவ்வேடு கிழியத் தொடங்கும். நீரும் வெப்பமும் நுண்ணுயிரும் அதனைத் துண்டு துண்டாக்கும். எனினும் எலும்பின் இறுக்கத்தில், சிறப்பாக உட்செவியைச் சூழ்ந்த கடிய எலும்பிலும் பல்லின் வேரிலும், சில கிழிசல்கள் நெடுங்காலம் தங்கும். தூசியும் மனித மூச்சும் கலவாத தனிக்கூடத்தில் அவற்றைப் பிரித்து, எழுத்தெழுத்தாகப் படித்து, இன்றைய விலங்குகளின் ஏட்டோடு ஒப்பிடுவர். பழமையான இழைகளின் முனைகளில் சில எழுத்துகள் குறிப்பிட்ட முறையில் சிதைந்திருக்கும். அச்சிதைவே அது பழையது, பிற்காலக் கலப்பு அன்று என்பதற்கு அத்தாட்சி.

1984-இல் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து மறைந்த குவாகா என்னும் வரிக்குதிரையினத்தின் பழந்தோலிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தனர். கடைசிக் குவாகா 1883-இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சிச்சாலையில் இறந்தது. மாண்டுபோன இனத்தின் மரபேட்டை மனிதன் முதன்முதலாகப் படித்தது அன்றுதான். இத்துறையை வளர்த்த ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இக்கலை விலங்கின் பெயரோடு நிற்பதில்லை. ஓரினத்தின் பல எலும்புகளை ஒப்பிட்டால் அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமையின் அளவு தெரியும். பெருந்திரளாய் வாழ்ந்த இனத்தில் வேற்றுமை மிகுதி. குன்றிப்போன இனத்தில் அது குறைவு. ஆகவே ஓரினம் மனிதன் வருமுன்பே நலிந்திருந்ததா, வந்தபின் நலிந்ததா என்பதை ஓரளவு கணிக்க இயலும்.

நியூசிலாந்துத் தீவில் மோவா என்னும் பறக்கவியலாப் பெரும்பறவை வாழ்ந்தது. பசிபிக் தீவினர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி அங்குக் குடியேறினர். இரண்டு நூற்றாண்டுகளுக்குள் மோவா அற்றுப்போயிற்று. அப்பறவையினம் முன்பே நோயாலோ வேறு காரணத்தாலோ நலிந்திருக்கலாம் எனச் சிலர் வாதிட்டனர். 2014-இல் வெளியான ஆய்வு, நான்கு வகை மோவாக்களைச் சேர்ந்த 281 பறவைகளின் தொன்மரபணுவைப் படித்தது. மனிதன் வருவதற்கு முந்திய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நலிவின் அறிகுறி ஏதும் தென்படவில்லை. வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்து 1844-இல் ஐஸ்லாந்துக் கரையருகே கடைசியாகக் கொல்லப்பட்ட பெரிய ஆக் பறவையின் செய்தியும் இத்தகையதே என 2019-இன் ஆய்வு காட்டிற்று.

மனிதனே எங்கும் குற்றவாளி எனவும் முடிவு செய்தல் ஆகாது. கம்பளி மயிர் போர்த்த காண்டாமிருகம் சைபீரியாவில் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. மனிதர் அப்பக்கம் வந்து பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அதன் தொகை குன்றாதிருந்ததை 2020-இல் அதன் மரபேடு காட்டிற்று. பனிக்காலம் விலகித் தட்பவெப்பம் மாறியதே அதன் முடிவுக்குப் பெருங்காரணம் என ஆய்வாளர் கருதினர். ஒரே சாட்சி ஓரிடத்தில் மனிதன்மேல் குற்றம் சுமத்துகிறது. பிறிதோரிடத்தில் அவனை விடுவிக்கிறது. ஆதலின் அச்சாட்சியைக் கேளாமல் வைகைச் சமவெளிக்குத் தீர்ப்பு எழுதுதல் முறையன்று.

மாடும் குதிரையும் வெட்டப்பட்ட காடும்

மனிதன் விலங்குலகை மாற்றிய வழிகள் பல. வேட்டை அவற்றுள் ஒன்று. வளர்ப்பு மற்றொன்று. திமில் மாடு சிந்துவெளியின் மேற்குப் பகுதியில், மெஹர்கர் போன்ற தொல்லூர்களின் காலத்தில் மனிதனோடு பழகிற்று. அங்கிருந்து அது தெற்கே வந்தது, மேற்கேயும் சென்றது. 67 பண்டைய மாடுகளின் மரபேட்டைப் படித்த 2019-இன் ஆய்வொன்று, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வறட்சி நிலவிய காலத்தையொட்டித் திமில் காளைகளின் குருதி மேற்காசிய மாடுகளில் விரைந்து கலந்ததைக் கண்டது. வெப்பம் தாங்கும் காளையை மக்கள் தேடிக் கொண்டுசென்றனர் போலும். மதுரை, சிவகங்கைப் பகுதியில் கிடை போட்டு மேய்க்கப்படும் புலிக்குளம் மாடு அத்திமிலினத்தின் வழித்தோன்றல். கீழடியின் மாட்டெலும்புக்கும் இன்றைய புலிக்குளத்துக்கும் உள்ள உறவைத் தொன்மரபணுவால் அறிய முடிந்தால், நம் மேய்ப்பரின் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு உழைப்பின் வரலாறு வெளிப்படும்.

குதிரையின் கதையோ கடல் கடந்தது. தமிழகக் கடற்கரையை அரபு, பாரசீக ஆசிரியர்கள் மஅபர் என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் ஆண்ட அந்நாட்டுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலேறி வந்தன. காயல் துறையில் அவை இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். மஅபருக்கும் கம்பாயத் முதலிய துறைகளுக்குமாகப் பத்தாயிரம் குதிரைகள் வரை சென்றதாக வஸ்ஸாஃபின் பாரசீக வரலாறு கூறுகிறது. ஒவ்வாத தீனியாலும் பராமரிப்புக் குறையாலும் அவற்றுள் பல மடிந்ததையும் அவ்வாசிரியர் குறித்துள்ளனர். மடிந்த குதிரையின் எலும்பு இம்மண்ணில்தான் உள்ளது. அதன் பிறப்பிடம் எது, அதன் வழி இங்கு எஞ்சியதா என்பன எலும்பைக் கேட்டு அறியத்தக்கவை. இன்று கோடியக்கரையில் கட்டவிழ்ந்து திரியும் மட்டக்குதிரைகள் வெளிமானின் மேய்ச்சலுக்குப் போட்டியாய் நிற்கின்றன. மனிதன் எங்கோ கொண்டுவந்து விட்ட விலங்கு, அங்கேயே பிறந்த விலங்கை நெருக்குவதற்கு இது கண்முன் உள்ள சான்று.

மூன்றாவது வழி நிலத்தை மாற்றுவது. பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் மஅபர் கரையில் இறங்கிய இப்னு பதூதா, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீனின் படையோடு பயணம் செய்தார். வழியெங்கும் மரமும் நாணலும் அடர்ந்து, ஆள் நுழைய இயலாத காடாய் இருந்ததென்றும், படையினர் ஒவ்வொருவரும் கோடரி ஏந்திக் காட்டை வெட்டும்படி சுல்தான் பணித்ததென்றும் அவர் தம் பயண நூலில் எழுதினார். படை நடத்த வெட்டிய காடு, பின்னர் உழவுக்கும் ஊருக்கும் இடமாயிற்று எனக் கருதலாம். அக்காட்டில் வாழ்ந்தவை எங்கே சென்றன என்பதை அவர் எழுதவில்லை. அது அவர் கூற வந்த பொருளும் அன்று. திறந்த புல்வெளிக்கோ வேறொரு கேடு பின்னாளில் வந்தது. விறகுக்கென இருபதாம் நூற்றாண்டில் பரப்பப்பட்ட சீமைக்கருவேல் வைகைச் சமவெளியின் தரிசையும் கண்மாய்க் கரையையும் மூடிற்று. வெளியில் ஓடிப் பழகிய மானுக்கு முட்புதர் வீடாகாது.

வெப்பம் என்னும் பகை

இத்தனை வினாவுக்கும் விடை எலும்பில் உண்டெனில், இன்னும் ஏன் படிக்கவில்லை என்று கேட்கலாம். நம் நாட்டின் வெப்பமே முதற்காரணம். சைபீரியப் பனியில் பத்து இலட்சம் ஆண்டுகளைக் கடந்த யானையின மரபேடே கிடைத்துள்ளது. நம் மண்ணிலோ இரண்டாயிரம் ஆண்டே பெரும் சோதனை. அரியானா மாநிலத்து ராக்கிகடியில் கிடைத்த எலும்புகளில் 61 மாதிரிகளை ஆராய்ந்தும், பயன்படும் அளவுக்கு மரபேடு கிட்டியது ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்துதான். 2019-இல் அம்முடிவு வெளியாயிற்று.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2017-இல் ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தோரும் பிறரும், இராசத்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கிடைத்த பழைய முட்டையோடுகளிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தனர். 25,000 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய அவை, இன்று ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் தீக்கோழியின் முட்டைகள். மகாராட்டிரத்துப் பட்ணேயில் பண்டை மனிதர் அத்தகைய ஓட்டில் கோலம் செதுக்கினர். நம் வெப்பத்திலும் முட்டையோட்டின் இறுக்கம் மரபேட்டைக் காத்தது. எலும்பிலும் பல்லிலும் அத்தகைய மறைவிடங்கள் இருக்கும்.

இரண்டாம் பகை நம் கை. பிரான்சு நாட்டில் ஒரே காட்டுமாட்டின் 3,200 ஆண்டுப் பழமையான எலும்புகளில் ஒரு பகுதி 1947-இலும் எஞ்சிய பகுதி 2004-இலும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. முன்னது கழுவப்பட்டு அருங்காட்சியகப் பெட்டியில் இருந்தது. பின்னது மண்ணோடு எடுக்கப்பட்டு உடனே ஆராயப்பட்டது. 2007-இல் வெளிவந்த முடிவு வியப்பானது. புதிதாய் எடுத்ததில் மரபேடு கிடைத்தது. பெட்டியில் இருந்ததில் கிடைக்கவில்லை. மூவாயிரம் ஆண்டு மண் காத்ததை ஐம்பத்தேழு ஆண்டுப் பேணுகை காக்கவில்லை.

இச்செய்தி நமக்கு எச்சரிக்கை. பொற்காசு ஐம்பது ஆண்டு பெட்டியில் இருந்தாலும் பொற்காசே. பானை ஓடும் அவ்வாறே. எலும்போ அகழ்ந்த நாளிலிருந்தே அழியத் தொடங்குகிறது. வெறுங்கையால் தொட்டு, நீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டிக் கொட்டடியில் போட்டால், பிற்காலத்தில் எத்துணைச் சிறந்த கருவி வந்தாலும் அது வாய் திறவாது.

செய்யத்தக்கது

கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மனித எலும்புகளை, மதுரைக் காமராசர் பல்கலைக்கழக மரபணு அறிஞர் தொல்லியல் துறையோடு சேர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். நம் மூதாதையர் யார் என்ற வேட்கை இயல்பானதே. அதே குழியில், அதே மண்ணில் கிடக்கும் மானின் எலும்புக்கும் மாட்டின் எலும்புக்கும் அதே கவனம் கிடைக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. கையுறை அணிந்து எடுத்தலும், கழுவாமல் ஒரு பகுதியைக் குளிர்ச்சியில் காத்தலும், கிடைத்த ஆழத்தையும் அடுக்கையும் குறித்து வைத்தலும் பெரும்பொருட் செலவு கோருவன அல்ல.

நம் இல்லங்களிலும் செய்யத்தக்கது உண்டு. கிணறு தோண்டும்போதும் கண்மாய் தூர் வாரும்போதும் எலும்பு கிடைத்தால், அதனைக் குப்பையில் எறியும் பழக்கத்தை விட வேண்டும். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கு அறிவிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். கீழடி அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வோர், பொன்னணியின் முன் நின்ற பின் சற்று நேரம் எலும்பின் முன்பும் நிற்பார்களாக.

வெளிமான் இன்னும் மறைந்துவிடவில்லை. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. வல்லநாட்டுச் சரணாலயம் 1987-இல் அதற்கெனவே அமைந்தது. நீலகாயைப் பற்றி வைகைச் சமவெளி எலும்பிடம் கேட்க வேண்டியுள்ளது. வெளிமானைப் பற்றி அவ்வாறு கேட்கும் நிலை நம் பேரர்க்கு நேரலாகாது. அதற்குப் புல்வெளி வேண்டும், முட்புதர் அகல வேண்டும், எஞ்சிய மந்தைகளுக்கு அமைதி வேண்டும். இவை நம் கைக்கு எட்டியவை. பிறவற்றுக்கான விடை கீழடியின் மண்ணில் உறங்குகிறது. அதனைச் சிதைக்காமல் எடுக்கும் பொறுமை நமக்கு வாய்க்க வேண்டும்.